உள்ளே கொஞ்சம் துணி விட்டிருக்கேன், சார்!

குடும்பஸ்தனின் உடம்பு புறம்போக்கு நிலம். அவனே அதில் குடியிருந்தாலும் பட்டா அவன் பெயரில் கிடையாது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதில் ஓர் அபிப்பிராயத்தை நட்டுவிட்டுப் போவார்கள்.

கொஞ்சம் சதை போட்டால், “நல்லாப் பூசினாப்ல இருக்கீங்க சார்” என்பார்கள். பாராட்டு என்று நினைத்து நாம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பார்வை மெல்ல இறங்கி நாலாவது பட்டனில் வந்து நிற்கும். அதற்குப் பயந்து, ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்தியோடு ஒதுங்கி, எப்படியோ இரண்டு கிலோ இறக்கிக் காட்டினால், அதே ஆள் அதே பஸ் ஸ்டாப்பில், “என்ன சார், இப்படி உருக்குலைஞ்சு போயிட்டீங்க? சுகர் பார்த்தீங்களா?” என்பார். ஏறாமல் இறங்காமல் நடுவில் நின்றால்? “அப்படியே இருக்கீங்களே!” என்பார்கள். அதில் வியப்பைவிட ஏமாற்றம்தான் தூக்கலாக இருக்கும்.

என் மனைவியின் அண்ணன் இன்னும் ஒரு படி மேல். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “மாப்ளே, இடுப்பு ஒரு முப்பத்தெட்டு இருக்குமா?” என்று கேட்பார். பரிமாறுகிற பையன் பாயச வாளியோடு என்னைத் தாண்டிப் போய்விடுவான். அவனுக்கும் காது கேட்கிறதே.

ஆனால் இவர்களெல்லாம் அரைகுறை ஞானிகள். முழு ஞானியைப் பார்க்க வேண்டுமானால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை திருச்சி என்.எஸ்.பி. ரோட்டுக்கு வர வேண்டும். அங்கே ஜவுளிக்கடை ஒன்றின் ‘மென்ஸ் செக்‌ஷன்’ மாடியில் நிற்கும் பையனுக்கு வயது இருபது இருக்கும். வருகிறவரின் முகத்தை அவன் பார்ப்பதே இல்லை. கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து பெல்ட்டில் முடித்துக்கொள்வான். என்னை அப்படி ஒரு தடவை பார்த்துவிட்டு, அலமாரி உச்சியில் ஏணியில் நின்றவரிடம் குரல் கொடுத்தான்: “அண்ணே, அங்கிளுக்கு டபுள் எக்ஸெல் இருக்கா பாருங்க!”

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்திருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. ஏணிமேல் இருந்தவர் அங்கிருந்தே என்னை அளந்துவிட்டு, “டபுள் பத்தாதுடா, ட்ரிபிள் போடு” என்றார். மேல்முறையீட்டில் தண்டனை கூடிய வழக்கு என்னுடையதாகத்தான் இருக்கும்.

ட்ரையல் ரூமுக்குள் மூன்று பக்கமும் கண்ணாடி. வீட்டில் இருப்பது பீரோ கண்ணாடி. அதில் தெரிவது நான் காட்ட விரும்புகிற நான்: மூச்சை உள்ளே இழுத்து, முகவாயைத் தூக்கி, இடது பக்கமாக லேசாகத் திரும்பி நிற்கும் நான். இங்கே என் முதுகுப்புறம் முழுசாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக என் பின்னாலேயே வந்துகொண்டிருந்த ஓர் ஆளை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் சந்தித்தேன். அவருக்கு உச்சந்தலையில் முடி வேறு இல்லை.

ட்ரிபிள் எக்ஸெல் சட்டை வயிற்றுக்குச் சரியாக இருந்தது. தோள் இரண்டு பக்கமும் வழிந்தது. கை, விரல் நுனி வரை வந்து மூடியது. டபுள் எக்ஸெல்லில் தோள் சரி. ஆனால் நாலாவது பட்டனும் காஜாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரெடிமேட் கம்பெனிக்காரர்களின் கணக்கே இதுதான். ஒரே அளவு அட்டையை வைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் சேர்த்துப் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். வயிறு வளர்ந்தவனுக்குக் கையும் வளர்ந்திருக்கும், தோளும் விரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த அட்டையும் நம் ஊர்ப் பிறவி அல்ல. அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளில் அங்கே இங்கே தட்டிக்கொட்டி எடுத்தது. நம் உடம்புக்கென்று ஒரு பட்டியல் வேண்டும் என்றுதான் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம் ‘இந்தியா சைஸ்’ என்று ஒரு திட்டம் போட்டது. ஆறு நகரங்களில் 25,000-க்கும் மேற்பட்டவர்களை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளப்பது அதன் ஏற்பாடு. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இரண்டு பேருக்கான தகவலை ஒரே ஆளிடம் எடுத்திருக்கலாம்.

என் முகவாட்டத்தைப் பார்த்து பையனுக்கு இரக்கம் வந்துவிட்டது. “ஸ்ட்ரைப்ஸ் போடுங்க அங்கிள். நேர்க்கோடு ஒல்லியாக் காட்டும்” என்றான். தமிழ்நாட்டில் பருமனான ஆண் ஒவ்வொருவனும் வாழ்நாளில் ஒரு நாள் கேட்டே தீரும் உபதேசம் இது. என் பீரோவைத் திறந்தால் ஜெயில் கதவைத் திறந்த மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-லேயே இதற்கு நேர்மாறாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்: ஒரு சதுரத்தைக் குறுக்குக் கோடுகளால் நிரப்பினால் அது உயரமாகவும் குறுகலாகவும் தெரிகிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்ப்ஸன் இதையே உடைக்குப் பொருத்திப் பார்த்து, குறுக்குக் கோடு யாரையும் குண்டாகக் காட்டாது என்று 2011-இல் கட்டுரை வெளியிட்டார். இதை நான் பையனிடம் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குறுக்குக் கோட்டுல ட்ரிபிள் எக்ஸெல் வராது அங்கிள்” என்றான். விஞ்ஞானம் தோற்கும் இடம் ஸ்டாக் ரூம்.

சட்டை இப்படி மானத்தை வாங்கினாலும் பேன்ட் எனக்கு எப்போதும் நண்பன். அதில் நான் ‘36’. கல்லூரிப் பையன்களே 36 போடுகிறார்கள் என்று தலைநிமிர்ந்து நடந்திருக்கிறேன். அமெரிக்காவில் ‘எஸ்குவயர்’ பத்திரிகைக்காக 2010-இல் ஒரு நிருபர், கையில் டேப்போடு கடை கடையாகப் போய், 36 என்று முத்திரை குத்திய பேன்ட்டுகளின் இடுப்பை அளந்து பார்த்தார். 37 அங்குலத்தில் தொடங்கி, ஒரு கம்பெனியில் 41 வரை போயிற்று. வாங்குகிறவர் மனம் நோகக் கூடாதே என்று எண்ணைக் குறைத்துப் போடும் தருமம். செய்தியைப் படித்ததும் மகள், “பாத்தீங்களாப்பா, எப்படி ஏமாத்துறாங்க!” என்று கொதித்தாள். எனக்கு அந்த 41 கம்பெனிக்குத் திருச்சியில் கிளை உண்டா என்று தெரிந்தால் போதும் போலிருந்தது.

டேப்பின் முழு உண்மையைச் சொல்ல ஒரே இடம்தான் மிச்சம்: டாக்டர். வருடாந்தர உடல் பரிசோதனையில் நர்ஸம்மா டேப்பை எடுத்ததும், “முப்பத்தாறு, எழுதிக்குங்க” என்று உதவி செய்தேன். “பேன்ட் சைஸ் கேக்கலை சார்” என்றார். அப்போதுதான் ஒரு பெரிய ரகசியம் வெளிப்பட்டது. நம் ஆண்கள் பேன்ட் அணிவது தொப்பைக்குக் கீழே. மருத்துவர்கள் அளப்பது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, தொப்பை தர்பார் நடத்தும் இடத்தில். நான் மூச்சை உள்ளே இழுத்து, பீரோ கண்ணாடி நிலைக்கு வந்தேன். “மூச்சை வெளிய விடுங்க சார், அப்பதான் கணக்கு” என்றார். விட்டேன். இந்திய ஆண்களுக்கு எச்சரிக்கைக் கோடு 90 செ.மீ., பெண்களுக்கு 80. என் எண் எனக்கும் நர்ஸம்மாவுக்கும் இடையே இருக்கட்டும்.

“சின்ன வயசுல நான் ஒல்லி, டாக்டர்” என்று பழைய பெருமையைச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் வழியில்லை. பூனாவின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யூட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. இரண்டு பேரும் ஒல்லி. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்புக்குள் இருக்கும் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2. அதாவது இந்தியன் ஒல்லியாக இருக்கும்போதே உள்ளே தொப்பையைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பான். என் கல்யாண ஆல்பத்தில் மாலைக்குள்ளே தொலைந்து நிற்கும் அந்தக் குச்சிப் பையனை இப்போது பார்த்தால் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இதில் ஒரு நியாயம் உண்டு. டாக்டரின் டேப் கறாராகப் பேசட்டும். அது என் இருதயத்துக்காகப் பேசுகிறது. ஆனால் அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் எண்ணைச் சொன்னார். ஏணியில் நின்று கூவவில்லை. “நடங்க, வெள்ளைச் சோத்தைக் குறைங்க” என்றாரே ஒழிய, “இந்த உடம்போடு வெளியே தலைகாட்டாதீங்க” என்று சொல்லவில்லை. மற்றவர்கள் அந்த இரண்டாவது மருந்தைத்தான் சீட்டில்லாமல் எழுதித் தருகிறார்கள்.

முடி விஷயத்துக்கு வருவோம். 2011-இல் ‘மங்காத்தா’ வந்தது. அஜித் நரைத்த தலையோடு திரையில் நடந்துவர, ஊரே விசிலடித்து அதற்கு ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்று பெயர் வைத்தது. அந்தத் தைரியத்தில் நானும் டை அடிப்பதை நிறுத்தினேன். அலுவலகத்தில், “வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?” என்று கேட்டார்கள். அவருக்கு உப்பும் மிளகும்; எனக்கு வெறும் கவலை. ரஜினிகாந்த் இன்னும் பெரிய ஆசான். திரையில் என்ன தலைமுடி வைத்தாலும், படம் முடிந்து வெளியே வந்தால் வழுக்கைத் தலை, வெள்ளைத் தாடி, வெள்ளை வேட்டி. லட்சக்கணக்கான பேர் அந்தத் தலையைப் பார்த்துத்தான் கை தட்டுகிறார்கள். அவரைப் பார்த்துவிட்டு வந்து, கைக்கண்ணாடி முன்னால் குந்தி, பக்கவாட்டில் பதினோரு முடியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் பாலம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம்தான். டை பாக்கெட்டின் உள்ளே இருக்கும் சீட்டில், 48 மணி நேரம் முன்னதாகத் தோலில் தடவிச் சோதித்துப் பார்க்கவும் என்று அச்சடித்திருக்கிறது; டையிலுள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு ஆகாது. முகூர்த்தம் ஆறரைக்கு என்றால் நாலரைக்கு பாக்கெட்டைப் பிரிக்கிற வம்சம் நம்முடையது. காது மடலில் அப்பிய கறுப்போடு தாம்பூலம் வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

ஸ்டுடியோக்காரர்கள் கதை வேறு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போன இடத்தில், “லைட்டா ஒரு டச்சப் பண்ணிடறேன் சார்” என்றார் அந்தத் தம்பி. லைட்டாகத்தான் செய்தார். கன்னத்துக் குழி போயிற்று. கண்ணுக்குக் கீழிருந்த பை போயிற்று. நிறம் இரண்டு பங்கு கூடியது. கடைசியில் வலது கன்னத்து மச்சத்தையும் ‘பிளெமிஷ்’ என்று துடைத்துவிட்டார். அந்த மச்சம் சாமானியமானதல்ல. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ‘அங்க அடையாளங்கள்’ என்ற இடத்தில், தலைமையாசிரியர் கையெழுத்தோடு, அரசாங்க முத்திரையோடு ஏறிய மச்சம். எத்தனையோ பேருக்கு நடுவே நான்தான் நான் என்று சர்க்கார் கண்டுகொள்ள என்னிடம் இருந்ததே அந்த ஒரு புள்ளியும் இடது முழங்காலில் ஒரு தழும்பும்தான். அதில் பாதியை முப்பது ரூபாய்க்கு அழித்துவிட்டார். வங்கியில் போட்டோவைப் பார்த்த அதிகாரி, “உங்க தம்பியா?” என்றார்.

வெளிநாட்டில் இதற்குச் சட்டமே உண்டு. பிரான்ஸில் விளம்பரப் படத்தில் மாடலின் உடம்பை இளைக்கவோ பெருக்கவோ வைத்துத் திருத்தியிருந்தால், ‘திருத்தப்பட்ட படம்’ என்று அச்சிட வேண்டும். 2017 அக்டோபர் முதல் நடைமுறை. ஆனால் அது உருவத்துக்குத்தான், மச்சத்துக்குப் பொருந்தாது. நார்வேயில் 2022 முதல் உள்ள சட்டம் பரவாயில்லை: உடம்பின் வடிவம், பருமன், தோல் எதைத் திருத்தியிருந்தாலும் விளம்பரத்தில் முத்திரை உண்டு. அந்தச் சட்டம் நம் ஊர்க் கல்யாண ஃப்ளெக்ஸ் போர்டுக்கு வந்தால் மணமக்களின் பெயர் எழுத இடம் இருக்காது.

என் மச்சம் போனால் நான் சிரித்துக்கொள்வேன். மகள் விஷயத்தில் அப்படி முடிவதில்லை. அவள் என் நிறம். வீட்டுக்கு வந்த பெரியம்மா ஒருவர், “பொண்ணு நல்ல லட்சணம். கலர்தான் கொஞ்சம்…” என்று இழுத்தார். நான் என்ன சொல்வது என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே அவள், “கலர் வேணும்னா டிவியைப் பாருங்க பெரியம்மா” என்று ரிமோட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அவள் வயதில் அக்காவின் சிவப்பழகு கிரீம் டியூபைப் பின்பக்கமாக அமுக்கி, அவளுக்குத் தெரியாமல் பூசிக்கொண்டவன். ஆண்களுக்கென்று தனி டியூப் 2005-இல்தான் வந்தது. அதுவரை நாங்களெல்லாம் திருட்டுச் சிவப்பு. 1975-இல் கடைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’யில் இருந்த ‘ஃபேர்’ 2020-இல்தான் உதிர்ந்து ‘க்ளோ’ ஆயிற்று. கறுப்பாக இருப்பவரைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-இல் விதி எழுதியது. சென்னையிலிருந்து ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கம் 2009-லேயே கிளம்பிவிட்டது. எல்லாம் நல்லதுதான். பெரியம்மாவுக்கு இன்னும் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை.

இந்த அளவுகோல்களில் இருந்தெல்லாம் எனக்கு விடுதலை தருவது வேட்டி. எட்டு முழம். ஸ்மால், மீடியம், லார்ஜ் எதுவும் கிடையாது. குச்சியாக இருந்தவன் கட்டிய அதே வேட்டியைத்தான் கூஜாவாக ஆனவனும் கட்டுகிறான். சுற்று ஒன்று குறையும், அவ்வளவுதான். 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதே வருடம் சட்டப்பேரவை தனிச் சட்டம் போட்டு வேட்டிக்குக் கதவைத் திறந்தது. இடுப்பில் நிற்காது என்ற ஒரு குறைக்கும் ஒட்டு வேட்டி வந்துவிட்டது. என் மடியில் அது ‘பர்ர்ர்’ என்று பிரியும் சத்தம் பந்தியில் மூன்றாவது வரிசை வரை கேட்கும். பாயசம் இரண்டாம் முறை வருகிறது என்று அர்த்தம்.

பெண்கள் இதில் நம்மைவிடப் பல தலைமுறை முன்னால் இருக்கிறார்கள். என் மனைவியின் ப்ளவுஸைத் திருப்பிப் பார்த்தால் பக்கவாட்டில் வரிசையாக மூன்று தையல் ஓடும். உடம்பு கொஞ்சம் போட்டால் ஒரு தையலைப் பிரித்துவிடுவாள். இன்னும் போட்டால் அடுத்தது. இளைத்தால் மறுபடியும் பிடித்துக்கொள்வாள். அழுகை இல்லை, ஏணியிலிருந்து அறிவிப்பு இல்லை. ஒரு சின்னக் கத்தரி, பத்து நிமிஷம், வேலை முடிந்தது. உடம்பு மாறும் என்பதை முதல் நாளே ஒத்துக்கொண்டு தைத்த துணி அது.

அதனால்தான் இந்தத் தீபாவளிக்கு ட்ரிபிள் எக்ஸெல்லை அந்தப் பையனிடமே விட்டுவிட்டு, பிட்டுத் துணியாக எடுத்துக்கொண்டு உறையூரில் எங்கள் டெய்லர் பாயிடம் போனோம். பாய் கூவுவதில்லை. டேப்பைச் சுற்றி, எண்ணைக் காஜா எடுக்கும் பையனிடம்கூடச் சொல்லாமல், தானே நோட்டில் எழுதித் துணியில் ஒரு துண்டு வெட்டிப் பின் குத்திக்கொள்வார். “மூச்சை இழுக்காதீங்க சார். தீபாவளி அன்னிக்கு முழுக்க இழுத்துட்டே இருக்க முடியுமா?” என்பார். வலது தோள் கொஞ்சம் இறக்கம் என்று தெரிந்தால், அந்தப் பக்கம் பஞ்சு வைத்துச் சமாளிப்பார். தோளைத் தூக்கச் சொல்லமாட்டார். உடம்புக்கு ஏற்றபடி துணியை வெட்டுவது அவர் தொழில். துணிக்கு ஏற்றபடி உடம்பை வெட்டச் சொல்வது மற்றவர்கள் தொழில். அழகுக்கு ஓர் இலக்கணம் வேண்டுமென்றால் நான் அவர் நோட்டைத்தான் காட்டுவேன். அதில் யாருக்கும் லார்ஜ் என்று பெயரில்லை. அவரவர் பெயர்தான்.

பேன்ட்டை முடிக்கும்போது வழக்கமான கேள்வி வந்தது: “பின் தையல்ல எவ்வளவு துணி விடட்டும் சார்?”

“ரெண்டு இஞ்ச் விடுங்க பாய்.”

“ஏங்க, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?” என்றாள் மனைவி. “பாய், ஒரு இஞ்ச் போதும். மிச்சத்துக்கு நாளைலேருந்து இவர் நடக்கப் போறார்.”

பாய் பணிவாகத் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். அவள் கைப்பையில் சில்லறை தேடிய நேரம் பார்த்து, டேப்புக்குக் கீழே மறைவாக எனக்கு இரண்டு விரலைக் காட்டினார்.

“மூணு தையல் போட்டு ப்ளவுஸ் தைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா பாய்?” என்றாள் அவள், நிமிராமலே. “ரெண்டே விடுங்க. ஆனா நடை காலைல அஞ்சரைக்கு.”